பழைய ஹாட் பிளேட்டின் ஆவி

எங்கள் ஆய்வகத்தில் கெட்ட வார்த்தை என்று ஒன்று இருந்தால் அது "தனிக்கட்டை". சாயத்தின் மூலக்கூறு ஒன்று பக்கத்தில் யாரையும் சேர்த்துக்கொள்ளாமல் நின்றால் அதற்கு நாங்கள் வைத்த பெயர் அது. பல மூலக்கூறுகள் ஒன்றோடொன்று நெருங்கி, வரிசையாக அடுக்கி உட்கார்ந்துவிட்டால் "கூட்டுக்குடும்பம்". சூடு மிஞ்சிப்போய், வரிசை கலைந்து, எல்லாம் புள்ளி புள்ளியாகத் திரிந்துவிட்டால் "சொத்துப் பிரிச்சாச்சு". புத்தகங்களில் இவற்றுக்கு மரியாதையான பெயர்கள் இருக்கின்றன. இன்று வகுப்பில் நான் அந்த மரியாதையான பெயர்களைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். சொல்லும்போது எனக்கே போரடிக்கிறது.

அந்த அறை கட்டடத்தின் பின்பக்கம், மாடிப்படிக்குக் கீழே இருந்தது. ஒரே ஜன்னல். அதைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். கைகழுவும் தொட்டியில் பல வருஷத்துச் சாயக்கறை. எத்தனை தேய்த்தாலும் போகாது, நாங்கள் அத்தனை தேய்த்ததும் இல்லை. எங்கள் நகக்கண்களிலும் ஊதா ஏறியிருக்கும். பேருந்தில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் என் விரல்களைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் தள்ளிக்கொள்வார்கள். எனக்கு அது வசதியாகத்தான் இருந்தது.

அங்கே நாங்கள் மூன்று பேர். முதலில் அக்கா. எங்களைவிட ஆறேழு வயது மூத்தவள், ஆய்வேட்டை முடிக்கிற கட்டத்தில் இருந்தவள். அடுத்து நெட்டையாக ஒருவன். எதைக் கேட்டாலும் "பத்து நிமிஷம்" என்பான். அரை நாள் ஆகும். அதுவே அவன் பெயராகிவிட்டது. எங்கள் பேராசிரியரே ஒருமுறை வராந்தாவில் நின்று "அந்தப் பத்து நிமிஷம் எங்கே?" என்று கேட்டார். மூன்றாவது நான். எனக்கு அவர்கள் வைத்த பெயர் மிளகாய். காரணம் போகப்போகத் தெரியும்.

வேலை எளிது, அதாவது சொல்வதற்கு எளிது. சாயப்பொடியைக் கரைத்து, சின்னக் கண்ணாடித் துண்டின்மேல் ஒரு சொட்டு விடுவோம். கண்ணாடி தலைதெறிக்கிற வேகத்தில் சுழலும். திரவம் பறந்துபோய், தலைமுடியைவிட எத்தனையோ மடங்கு மெல்லிய சாயப் படலம் மட்டும் நிற்கும். அதைத்தான் பிலிம் என்போம். அந்த அறையில் யாரையாவது "ரொம்ப பிலிம் காட்டாதே" என்று திட்டினால் திட்டு வாங்கியவரும் சேர்ந்து சிரிப்பார். புதிதாகப் போட்ட பிலிம் ஊதாவாக இருக்கும், அத்தனையும் தனிக்கட்டைகள். ஹாட் பிளேட்டில் வைத்துச் சூடு காட்டினால் மூலக்கூறுகளுக்குக் கொஞ்சம் அசைய வாய்ப்புக் கிடைக்கும். அசைந்து, நெருங்கி, அடுக்கிக்கொண்டால் நிறம் மாறும். எவ்வளவு சூட்டில் எப்படி அடுக்கும் என்பதுதான் அக்காவின் ஆய்வு. சரியாக அடுக்கினால் அந்த ஊதா பச்சையாக வேண்டும் என்று காகிதக் கணக்கு சொன்னது. கணக்கு என்னவோ சொல்லும், பிலிம் கேட்க வேண்டுமே.

ஒருமுறை வராந்தா தொலைபேசியில் என் அம்மா கூப்பிட்டாள். வழக்கம்போல என் கல்யாணப் பேச்சு. நான் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து பத்து நிமிஷம் சத்தமாக, "மிளகாய், தனிக்கட்டை எல்லாம் ஜோடி சேர்ந்துடுச்சு, வந்து பாரு" என்றான். அம்மா, யார் அந்தப் பையன், யாரோடு ஜோடி என்று கேட்க ஆரம்பித்து, நான் மூலக்கூறு என்று சொன்னதை நம்பவே இல்லை. அந்தக் கோபத்தில் அவனோடு இரண்டு நாள் பேசவில்லை. இப்போது நினைத்தால் அந்த இரண்டு நாளை வீணாக்கிவிட்டோமே என்றிருக்கிறது.

இனி சொல்லப்போவதை என் மாணவர்கள் படிக்காமல் இருந்தால் நல்லது. மதியச் சாப்பாட்டையும் நாங்கள் அதே ஹாட் பிளேட்டில்தான் சூடாக்கினோம். பெரிய, பழைய தட்டு. பாதியில் அக்காவின் பிலிம், மீதியில் எங்கள் மூன்று சாப்பாட்டு டப்பாக்கள். வறண்டு போகாமலிருக்கச் சாப்பாட்டில் கொஞ்சம் தண்ணீர் தெளித்து, டப்பா மூடியைத் தளர்த்தி, மொத்தத்தையும் ஒரு பெரிய அலுமினியத் தட்டால் கவிழ்த்து மூடிவிடுவோம். பிலிம்மேல் தூசி விழாது, சாப்பாடும் சீக்கிரம் சூடாகும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் அடித்துவிட்டதாக எங்களுக்குப் பெருமை வேறு. விஷப்பொடி புழங்குகிற இடத்தில் சாப்பாட்டைச் சூடாக்குவது மகா மடத்தனம். இன்று ஒருவன் அப்படிச் செய்தால் நான் அவனை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவேன். அன்று அது எங்களுக்கு வீடு.

அப்படி ஒரு மதியம் அக்கா மூடியைத் தூக்கினாள். பிலிம் பச்சையாக இருந்தது. அரைகுறைப் பச்சை இல்லை. மழைக்குப் பிறகு இலையில் இருக்குமே, அந்தப் பச்சை. நிறத்தை அளந்து கோடாக வரைகிற ஸ்பெக்ட்ரோமீட்டரில் வைத்தால் கோடு ஊசி மாதிரி எழுந்து நின்றது. கூட்டுக்குடும்பம், அதுவும் ஒற்றுமையான கூட்டுக்குடும்பம். அக்கா சாப்பிடாமலேயே பேராசிரியர் அறைக்கு ஓடினாள். அடுத்தடுத்த நாட்களிலும் இன்னும் சில பிலிம்கள் பச்சையாயின. ஆய்வேட்டின் கடைசி அத்தியாயம் கிடைத்துவிட்டது என்று நாங்கள் ஆடாத குறை.

பிறகுதான் சனியன் புது ஹாட் பிளேட்டின் உருவத்தில் வந்தது. சூட்டை எண்ணில் காட்டுகிற நல்ல கருவி. பழையதைக் கழித்துக்கட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். புதியதன் பக்கம் சாப்பாடு வரவே கூடாது என்று பேராசிரியர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நாங்கள் மாடிப்படியில் உட்கார்ந்து ஆறிப்போன சாப்பாட்டை விழுங்கத் தொடங்கினோம். அன்றிலிருந்து ஒரு பிலிம்கூடப் பச்சையாகவில்லை.

அக்கா சூட்டைக் கூட்டிப் பார்த்தாள், குறைத்துப் பார்த்தாள். நேரத்தை நீட்டினாள். ஊதா மங்கி, ஒரு அழுக்கு நீலமாக நின்றுவிடும். இன்னும் சூடு ஏற்றினால் சொத்துப் பிரித்துக்கொண்டு போய்விடும். பழைய தட்டு சூட்டைத் தப்பாகக் காட்டியிருக்கும் என்று மூவரும் முடிவு கட்டினோம். எந்தச் சூட்டை எந்தச் சூடு என்று காட்டியது என்பதுதான் தெரியவில்லை. பத்து நிமிஷம் மட்டும், "அந்தப் பழைய ஹாட் பிளேட்டுல ஒரு ஆவி இருந்துச்சு. அதுதான் பச்சை பண்ணிட்டிருந்தது. நாம அதைக் காயலான் கடையில போட்டுட்டோம்" என்று தினமும் சொல்லிக்கொண்டிருந்தான். பேய்க்கதை சொல்கிறான் என்று நான் அவன்மேல் எரிந்து விழுவேன்.

பேராசிரியர் தன் முடிவைச் சொல்லிவிட்டார். தன் கண் முன்னால், புதுத் தட்டில், கேட்டபோதெல்லாம் பச்சை வந்தால்தான் கையெழுத்து. இந்தப் பருவத்துக்குள் வராவிட்டால் அந்த அத்தியாயத்தை எடுத்துவிட்டு இன்னும் ஒரு வருஷம் வேறு வேலை செய்ய வேண்டும். எனக்கு அவரைக் கடித்துக் குதறலாம் போலிருந்தது. ஆனால் அவர் சொன்னது நியாயம். திரும்ப வராத ஒன்றை வைத்துக்கொண்டு யாரும் ஆய்வேடு எழுத முடியாது.

இன்னும் ஒரு வருஷம் என்றால் அக்காவுக்கு என்ன என்பது எங்களுக்கு ஒரு மதியம்தான் தெரிந்தது. அவளுக்கு ஒரு மகள் உண்டு என்று தெரியும். கணவருக்குக் கப்பல் வேலை. பாதி வருஷம் கடலில்தான். அதனால் குழந்தையை ஒரு வயது நிரம்பும் முன்பே தன் பெற்றோர் வீட்டில், தங்கையிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். தங்கை அதற்காகவே தட்டச்சு வேலையை விட்டவள். வாராவாரம் வராந்தா தொலைபேசிக்குக் கூப்பிடுவாள். அன்று அக்காவின் கை முழுக்கச் சாயம் என்பதால் நான் ரிசீவரை அவள் காதில் பிடித்துக்கொண்டு நின்றேன். குழந்தையின் குரல் எனக்கும் கேட்டது.

"அக்கா, நீ எப்ப வருவ?"

வேறு ஏதோ குழந்தை என்றுதான் நினைத்தேன். அக்கா, "சீக்கிரம் வந்துடுவேன் கண்ணு" என்றாள். அந்தப் பக்கம் குழந்தை ரிசீவரைக் கொடுத்துக்கொண்டே சொன்னது: "அம்மா, அக்கா வருதாம்."

அக்கா தொட்டியில் நெடுநேரம் கை கழுவினாள். பிறகு அவளாகவே சொன்னாள். "என் தங்கச்சி என்னை அக்கான்னுதானே கூப்பிடுவா. அதைக் கேட்டுக் கேட்டு அதுவும் அப்படியே கூப்பிடுது. அவளைச் சித்தின்னு கூப்பிடச் சொல்லிக் குடுத்தோம். கேக்கல, அவதான் அம்மா. ஸ்கூல் சேர்றதுக்கு முன்னாடி கூட்டிட்டு வந்துட்டா மாத்திடலாம். அங்கேயே சேத்துட்டா அவ்வளவுதான்." பள்ளி திறப்பது அடுத்த பருவத்தில்.

அன்று பிற்பகல் அவளை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் நாங்கள் இருவரும் திருதிருவென்று முழித்தோம். பத்து நிமிஷம் தயங்கித் தயங்கி "மேடம்" என்றான். அவளுக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். "ஒழுங்கா அக்கான்னு கூப்பிடு. நீங்களாவது சரியாக் கூப்பிடுறீங்களே" என்றாள்.

அதன்பிறகு அந்தப் பச்சை எங்கள் மூவருக்கும் வெறும் நிறமாக இல்லை. நான் என் வேலையைத் தூக்கிப் போட்டுவிட்டு அவளுக்குப் பிலிம் போட்டுக் கொடுத்தேன். பத்து நிமிஷம்கூடச் சொன்ன நேரத்துக்கு வந்தான். பருவம் முடியப்போகும் நேரம் வந்துவிட்டது. அழுக்கு நீலம், அழுக்கு நீலம், சொத்துப் பிரிவு. அக்கா மெலிந்துகொண்டே போனாள்.

ஒரு நாள் பேராசிரியர் ஏதோ கூட்டத்துக்கு வெளியூர் போயிருந்தார். அக்கா காலையில் போட்ட பிலிமை ஹாட் பிளேட்டில் வைத்துவிட்டு, அதைத் திரும்பிப் பார்க்கக்கூட மனமில்லாமல் நூலகத்துக்குப் போய்விட்டாள். மாடிப்படியில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தேன். சாப்பாடு ஜில்லென்று, கல் மாதிரி இருந்தது. எனக்குச் சுள்ளென்று வந்தது. புதுத் தட்டாவது, கண்டிப்பாவது. உள்ளே போய், பிலிமை ஒரு ஓரமாகத் தள்ளி, சாப்பாட்டில் தண்ணீர் தெளித்து, டப்பாவை நடுவில் வைத்தேன். ஆணியில் தொங்கிக்கொண்டிருந்த பழைய அலுமினியத் தட்டை எடுத்துக் கவிழ்த்தேன். என்னோடு வந்த பத்து நிமிஷம் பயந்துபோய் வாசலில் காவல் நின்றான்.

வாசனை வந்ததும் மூடியைத் தூக்கினேன். டப்பாவுக்குப் பக்கத்தில் பிலிம் பச்சையாக இருந்தது.

நான் கத்தவில்லை. எதற்கெடுத்தாலும் கத்துகிற நான் அன்று அவனைக் கை காட்டித்தான் கூப்பிட்டேன். அவன் குனிந்து பார்த்தான். அலுமினியத் தட்டின் உட்பக்கத்திலிருந்து நீர்த்துளிகள் சொட்டிக்கொண்டிருந்தன. அவற்றைப் பார்த்தான், டப்பாவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"ஆவி" என்றான்.

இத்தனை நாளும் அவன் வாயில் இருந்த சொல்தான். அவன் பேயைச் சொன்னான், நாங்களும் பேய் என்றே கேட்டோம். மூன்று பேர் படித்த படிப்பில் ஒருவருக்குக்கூட அந்தச் சொல்லின் இன்னொரு பொருள் உறைக்கவில்லை. சூடு மட்டும் போதாது. மூலக்கூறுகள் நகர்ந்து உட்காரக் கொஞ்சம் ஈரமும் வேண்டியிருந்தது. அந்த ஈரத்தை எங்கள் மதியச் சாப்பாடு கொடுத்துக்கொண்டிருந்தது.

நூலகத்துக்கு ஓடிப்போய் அக்காவை இழுத்து வந்தேன். டப்பாவை எடுத்துவிட்டு ஒரு கிண்ணத்தில் வெறும் தண்ணீர் வைத்து மூடினோம். பச்சை. கிண்ணத்தை எடுத்துவிட்டு மூடினோம். அழுக்கு நீலம். மறுபடி கிண்ணம், மறுபடி பச்சை. அக்கா சிரித்துக்கொண்டே அழுதாள், அல்லது அழுதுகொண்டே சிரித்தாள். பக்கத்தில் நின்ற எனக்கே பிரித்துச் சொல்ல முடியவில்லை. என் சாப்பாட்டை மூவரும் பங்கிட்டுச் சாப்பிட்டோம். அதைவிட ருசியான சாப்பாட்டை நான் இதுவரை சாப்பிடவில்லை.

பேராசிரியரிடம் எப்படிச் சொல்வது என்று கேள்வி வந்தது. ஈரப்பதத்தின் விளைவை ஆராய்ந்தோம் என்று பூசி மெழுகிவிடலாம் என்றேன் நான். அக்கா ஒப்புக்கொள்ளவில்லை. மறுநாள் அவர் ஊரிலிருந்து திரும்பியதும் எங்களையும் அழைத்துக்கொண்டு அவர் அறைக்குப் போய் டப்பா கதையை ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் முகம் சிவந்து, எழுந்து ஜன்னலுக்குப் போய், எங்கள் மூவரையும் வெளியே அனுப்பினால்கூடத் தகும் என்று திட்டித் தீர்த்தார். பிறகு திரும்பி, "எவ்வளவு தண்ணி வச்சீங்க?" என்று கேட்டார். அங்கேதான் எங்களுக்கு உயிர் திரும்பியது. அடுத்த வாரங்களில் ஈரத்தையும் அளந்து, அவர் கண் முன்னால், கேட்டபோதெல்லாம் பச்சையாக்கிக் காட்டினாள் அக்கா. அவர் கையெழுத்துப் போட்டார்.

வைவா என்கிற வாய்மொழித் தேர்வு நாளன்று அறை நிரம்பியிருந்தது. வெளித் தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, ஈரப்பதத்தைச் சேர்த்துப் பார்க்கலாம் என்ற யோசனை எப்படி வந்தது என்று கேட்டார். அக்கா ஒரு நொடிகூட யோசிக்காமல், "பசியால வந்தது சார்" என்றாள். முதலில் சிரித்தவர் எங்கள் பேராசிரியர்தான். அவர் பல் எங்களுக்குத் தெரிந்ததே அன்றுதான்.

வைவாவுக்காக அக்காவின் தங்கை குழந்தையோடு காலை ரயிலில் வந்திருந்தாள். அக்காவின் ஜாடையே, இன்னும் மெலிவாக. தோளில் ஒரு பையை மாட்டியபடி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். குழந்தை அவள் மடியைவிட்டு இறங்கவில்லை. இரவு ரயிலில் தங்கை மட்டும் திரும்பிப் போவதாக ஏற்பாடு. குழந்தை இனி அக்காவோடு.

எல்லோரும் போனபிறகு குழந்தையையும் தங்கையையும் எங்கள் அறைக்குக் கூட்டி வந்தோம். அக்கா அதை ஸ்டூலில் நிற்கவைத்து, ஊதாக் கண்ணாடித் துண்டைக் காட்டி, பக்கத்தில் தண்ணீர்க் கிண்ணம் வைத்து மூடினாள். மூடியைத் தூக்கியதும் குழந்தை வாயைப் பிளந்தது. "அக்கா, இன்னொண்ணு" என்றது. அக்கா இன்னொன்று செய்தாள். மறுபடி இன்னொன்று. அவ்வளவு நாள் வராமல் எங்களைப் படாதபாடு படுத்திய பச்சை, அந்தப் பிற்பகலில் கேட்டபோதெல்லாம் வந்தது. போட்டு வைத்திருந்த பிலிம்கள் எல்லாம் தீரும்வரை அக்கா சலிக்கவில்லை.

குழந்தைக்குத் தூக்கம் வந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு, இரண்டு கையையும் தூக்கி "அம்மா" என்றது.

அக்கா, தங்கை இரண்டு பேரும் நகர்ந்தார்கள். அக்கா அரை அடி எடுத்து வைத்து நின்றுவிட்டாள். யாரைக் கூப்பிட்டது என்று அவளுக்குத் தெரியும். தங்கை குழந்தைக்கு எதிரிலேயே வந்துவிட்டாள். கை நீட்டவும் செய்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, "பையை வெளியே வச்சுட்டேன், எடுத்துட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று வெளியே போய்க் கதவைச் சாத்தினாள்.

குழந்தை ஸ்டூலிலிருந்து இறங்கிக் கதவுக்கு ஓடி, அதைத் தட்டித் தட்டி அழுதது. அக்கா பின்னாலேயே போய்த் தரையில் உட்கார்ந்தாள். அது அவளைத் தள்ளிவிட்டது. எனக்கு அதைப் பார்க்கிற தைரியம் இல்லை. வராந்தாவுக்கு இறங்குகிற இன்னொரு கதவு வழியாக வெளியே போனேன்.

பை தங்கையின் தோளிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அவள் கதவின் கைப்பிடியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளேயிருந்து "அம்மா, அம்மா" என்று கேட்கும்போதெல்லாம் அவள் கதவைத் தன் பக்கம் இன்னும் இழுத்துக்கொண்டாள். என் வாழ்க்கையில் நான் யார்மேலும் கோபப்படாமல் நின்ற நேரங்கள் குறைவு. அன்று யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை.

வெகுநேரம் கழித்து அழுகை விக்கலாகத் தேய்ந்தது. அக்காவின் குரல் மட்டும் தாழ்வாக ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தது. பிறகு அதுவும் இல்லை.

"நின்னுடுச்சா?" என்று தங்கை என்னைக் கேட்டாள். கதவுக்கு அவள்தான் பக்கத்தில் இருந்தாள்.

நின்றுவிட்டது என்றேன். உள்ளே வரச் சொன்னேன். அவள் வேண்டாம் என்று தலையாட்டினாள்.

"தூங்கறப்ப நம்ம காதைப் பிடிச்சுக்கும். வலிக்கும், ஆனா எடுத்துவிட்டா முழிச்சுக்கும். அக்காகிட்ட சொல்லிடுங்க" என்றாள். சொல்லிவிட்டுத் தன் காதை ஒருமுறை தொட்டுக்கொண்டாள். பிறகு மறுபடியும் இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.